கட்டச் சொன்னது சரி, எந்தக் கயிற்றால்?

அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கும் தவக்குல் பற்றி எங்கள் ஊர்களில் நடக்கும் எந்தப் பயானும் அந்த ஒட்டகத்தைத் தொடாமல் முடிவதில்லை. ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடலாமா என்று ஒருவர் கேட்க, முதலில் கட்டும்படியும் பிறகு பாரத்தைப் போடும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதியில் இருக்கிறது. மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இஸ்லாம் பாடம் படிப்பிக்கிற நானும் வகுப்பில் வருசா வருசம் சொல்கிறேன். ஆனால் அடுத்த கேள்விக்கு யாரும் போவதில்லை. கயிறு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? இற்றுப்போன கயிற்றால் கட்டினாலும் கட்டியதாகக் கணக்கா? நல்ல கயிறு வாங்க வழியில்லாதவன் எந்த அளவோடு நிற்கலாம்?

எனக்கு இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது என் பைக்கின் பின் டயர். வண்டி ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். இரண்டு கம்பனிகளும் பிரிந்து 2011 இல் அந்தப் பெயரே போய்விட்டது. டேங்கில் இருக்கிற பழைய பெயரே வண்டியின் வயதைச் சொல்லிவிடும். 2020 இல் இலங்கைக்குள் வாகனம் வருவதை நிறுத்தி, 2025 இல்தான் மீண்டும் விட்டார்கள். இடையில் 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியது. இருக்கிற வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறு கதியில்லை. மொட்டை டயரில் ஓடாத ஆள் அந்நாட்களில் எங்கள் பக்கம் குறைவு. கேட்டால் ஒரே பதில்: “எழுதின நேரம் வந்தா புது டயரிலயும் மௌத்துதான், சேர்.”

இந்தப் பதிலில் ஈமான் இருக்கிறது. எழுதின அந்த நேரத்தை, அஜலை, யாரும் தள்ளிப்போட முடியாது என்பதில் எங்களுக்குள் பேச்சில்லை. ஆனாலும் பதில் தவறான இடத்தில் நிற்கிறது. ஹிஜ்ரி 18 இல் ஷாமுக்குப் போன உமர் (ரலி), அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்ஃக் என்ற இடத்தில் கேள்விப்பட்டு, ஆலோசனை கலந்து திரும்பத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை (விதியை) விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் பதில் சொல்லி, ஓர் உதாரணமும் காட்டினார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது கத்ர்தான். அப்படியிருக்க யார்தான் வறண்ட பக்கம் ஓட்டிக்கொண்டு போவான்? புகாரியில் உள்ள இந்தச் சம்பவத்தின்படி பார்த்தால் மொட்டை டயரும் கத்ர், புது டயரும் கத்ர். ஆகவே டயர் மாற்றாமல் இருப்பதற்குக் கத்ரைச் சாட்டுச் சொல்ல முடியாது.

ஆதம் (அலை) மூஸா (அலை) இருவருக்கும் இடையில் கத்ரைப் பற்றி நடந்த வாதத்தைச் சொல்லும் ஹதீஸை விளக்கும்போது இப்னு தைமிய்யா போன்றவர்கள் ஓர் அளவு வைத்தார்கள்: நேர்ந்த முஸீபத்துக்குக் கத்ரைச் சொல்லலாம், செய்த குற்றத்துக்குச் சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை ஏட்டுப் பேச்சாகப் படிக்க முடியாது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, வெள்ளத்தின்போது, நிந்தவூரில் ஓதிவிட்டுச் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் கவிழ்ந்து பிள்ளைகள் மௌத்தானார்கள். சாய்ந்தமருதிலிருந்து சம்மாந்துறைப் பள்ளிக்கூடத்துக்கு நான் போகிற பாதை அது. அந்த உம்மாமார் முன்னால் போய் நின்றவனுக்குக் கத்ர் என்பதைத் தவிர வேறு சொல் கிடையாது. அதே சொல்லை அடுத்த மாரிக்கு முன் பாதையையும் பாலத்தையும் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் ஒருவர் சொன்னால், அது சோம்பலுக்குப் போட்ட தொப்பி.

சரி, எவ்வளவு செய்தால் போதும்? இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் தவக்குல் பற்றிப் பேசும்போது காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார். உறுதியான காரணம், பெரும்பாலும் பலிக்கும் காரணம், வெறும் எண்ணத்தில் மட்டும் இருக்கும் காரணம். சோறு முன்னால் இருக்கக் கை நீட்டாமல் இருப்பதை அவர் தவக்குலாக எடுக்கவில்லை, பைத்தியக்காரத்தனம் என்கிறார். இந்தத் தராசை எடுத்துக்கொண்டுதான் நான் டயர்க் கடைக்குப் போனேன்.

உறுதியான காரணங்கள் டயரிலேயே எழுதியிருக்கின்றன. 2.75-18 என்பது அளவு. ரிம்முக்குப் பொருந்தாததை மலிவென்று ஏற்றக் கூடாது. 48பி என்று இருந்தால், சரியான காற்றோடு அந்த ஒரு டயர் 180 கிலோ தாங்கும். 42 என்றால் 150. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. வெட்டுகளுக்கு நடுவே சின்ன மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. வெட்டு ஆழமாக இருந்தும் ரப்பர் காய்ந்து மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அதுவும் முடிந்ததுதான். களனியில் செய்யும் சியட்டா, டி.எஸ்.ஐயா, இந்திய எம்.ஆர்.எப்பா என்பது இரண்டாம் வகை: வித்தியாசம் இருக்கலாம், ஆனால் அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. பந்தய வண்டிக்குரிய அகல டயரை ஸ்ப்ளெண்டருக்குப் போட்டால் பாதுகாப்புக் கூடும் என்பது மூன்றாம் வகை. அதற்குக் கொடுக்கும் காசு வீண்விரயத்தின் பக்கம் போகிறது.

கடைக்காரத் தம்பி முதலில் எடுத்துத் தந்தது பளபளவென்று கறுப்பாக இருந்தது. விரலால் தேய்த்தேன், மினுக்குத் தைலம் ஒட்டியது. கீழே வெடிப்பு. மேலே காய்ந்த தானியத்தை வைத்து அடியில் நனைந்ததை மறைத்த வியாபாரியின் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டுப் பார்த்து, ஏமாற்றுபவர் என்னைச் சேர்ந்தவரல்ல என்று கண்டித்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. டயர் விற்பவருக்கும் அதே சட்டம். வாங்குபவனுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு: கைவிட்டுப் பார்ப்பது சந்தேகப் புத்தியல்ல, சுன்னத்.

மகள் பின்னால் இருந்துகொண்டு, “வாப்பா, மலிவானதையே எடுங்களன்” என்றாள். என் உயிர் மட்டும் என்றால் அவள் சொன்னதோடு முடித்திருக்கலாம். ஆனால் அவளும் இந்தப் பைக்கில்தான் வருகிறாள். காற்றடித்தால் கடல் மணல் ரோட்டில் ஏறிவிடும். அறுவடைக் காலத்தில் நெல் காயும். இரவில் கட்டாக்காலி மாடுகள் நடு ரோட்டில் படுத்திருக்கும். பிரேக் பிடிக்கிற அந்த நொடியில் என் தவக்குலை நம்பி எதிரே ஒரு சைக்கிள்காரனும் வருகிறான். யாருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்ற நபிமொழி ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. என் உயிரில் நான் துணிவதற்கே கேள்வி இருக்கும்போது, அடுத்தவன் உயிரில் துணிய எனக்கு என்ன உரிமை? கடைசியில் உள்ளூர்த் தயாரிப்பில் அண்மைத் திகதியுள்ள 48பி ஒன்றைப் பின்னுக்கு எடுத்தேன். முன் டயர் இன்னும் தாங்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. இந்தக் கணக்கு எனக்குச் சரிவரும். விடியற்காலை கரைவலையடியில் மீன் எடுத்து, பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு சம்மாந்துறைப் பக்கம் ஓடுகிற காக்காவுக்குச் சரிவருமா? அவருடைய பாரம் என்னுடையதைவிடக் கூட, டயர் என்னுடையதைவிட மொட்டை. டயர் வாங்கினால் அந்தக் கிழமை அரிசிக்குத் தட்டுப்பாடு. அவரிடம் போய் ஒட்டகக் கதை சொல்ல எனக்கு நாக்கு வராது. கைக்கு எட்டாததை அல்லாஹ் அவரிடம் கேட்கமாட்டான் என்றே நம்புகிறேன். எட்டச் செய்யக்கூடியவர்களிடம் கேட்பான். ஸகாத் காசில் தையல் மெசினும் வலையும் கொடுக்கிறோம், நல்லது. தொழிலுக்கு ஓடுகிற ஏழையின் டயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வரும் ரமழானுக்கு முன் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன்.