கொல்லைக் கதவை அடைக்குமுன்



பாட்டனார் காலத்து வீட்டைப் பழுது பார்க்கிற குடும்பங்கள் இப்போது அநேகம். திண்ணையை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். முற்றத்துத் தூண்களுக்கு மெருகேற்றுகிறார்கள். ஆனால் பணம் அதிகம் கரைவது குளிக்கும் அறையிலும் கக்கூசிலும்தான். இதெல்லாம் ஒரு பிரசங்கத்துக்கு ஏற்ற பொருளா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். உபாகமம் 23-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். போருக்குப் போகிற இஸ்ராயேல் ஜனங்களுக்கு மோயீசன் சொல்கிறார்: பாளையத்துக்கு வெளியே ஓர் இடம் இருக்கட்டும், கையில் ஒரு சிறு மண்வெட்டி கொண்டுபோய்க் குழி தோண்டி, பிறகு மண்ணிட்டு மூடுங்கள். ஏனென்றால் சர்வேசுரன் உங்கள் பாளையத்தின் நடுவே உலாவுகிறார். இதிலே ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொருவனும் தன்னுடையதைத் தானே மூடவேண்டும். அந்த வேலைக்கென்று ஒரு சாதியாரை மோயீசன் ஏற்படுத்தவில்லை.

நாமோ ஏற்படுத்தினோம். பழைய பட்டணத்து வீடுகளில் கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருக்கும். பின்சந்தைப் பார்த்த மதிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கதவோ, தகரத் தட்டியோ இருக்கும். விடியற்காலையில் ஒருவர் வந்து அதன் வழியாக வாளியை இழுத்து, தலையிலோ வண்டியிலோ ஏற்றிக்கொண்டு போவார். வீட்டாரின் முகத்தை அவர் பார்த்ததில்லை. அவர் பேர் வீட்டாருக்குத் தெரியாது. அப்படி வந்தவர்களில் நம்முடைய வேதக்காரரும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே கிராதியண்டை முழங்காலிட்டு நன்மை வாங்கினவர்களுக்குத் திங்கட்கிழமை அந்தச் சின்னக் கதவு ஒன்றுதான் திறந்திருந்தது.

1993-ம் வருஷத்துச் சட்டம் எடுப்புக் கக்கூஸைத் தடை செய்தது. இப்போது வீட்டைப் புதுப்பிக்கும்போது கொத்தனார் அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே பூசிவிடுகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாகத் தரைக்கடியில் செப்டிக் டேங்க் வருகிறது. கதவு போயிற்று, வேலை போகவில்லை, மூடிக்குக் கீழே இறங்கிவிட்டது.

எப்படியென்று சொல்கிறேன். பழைய வீடுகள் ஒடுங்கலாக, நீளமாக, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நிற்பவை. தொட்டிக்கு இடம் தேடினால் கொல்லையோ முற்றமோதான் அகப்படும். அங்கே லாரியின் குழாய் எட்டாது. போதாதற்கு அழகு கெட்டுப்போகும் என்று மூடியின் மேல் கல் பாவிவிடுகிறார்கள். பத்து வருஷம் யாரும் அதை நினைப்பதில்லை. அடியில் சேறு இறுகிக் கெட்டியாகிறது, உறிஞ்சினாலும் வராது. ஒரு நாள் கக்கூஸில் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது. விருந்தாளிகள் வருகிற சமயமாக இருக்கும். உடனே யாரையோ பிடித்து, கையில் கொஞ்சம் ரூபாயைத் திணித்து, உள்ளே இறங்கச் சொல்கிறோம்.

அந்தத் தொட்டிக்குள் மூச்சுவிடக் காற்றில்லை. சேற்றைக் கிளறினதும் விஷவாயு கிளம்புகிறது. முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆபத்து போய்விட்டதென்று அவன் நினைக்கிற நேரத்தில் சாய்ந்துவிடுகிறான். அவனைத் தூக்க இறங்குகிற தம்பியோ மகனோ அவன்மேலேயே விழுகிறான். பத்திரிகையில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து சாவதைப் படிக்கிறோமே, காரணம் இதுதான்.

2013-ம் வருஷத்துச் சட்டம், பாதுகாப்பில்லாமல் மனிதனைத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நேரே கூப்பிட்டாலும் குற்றம், இன்னொருவர் மூலமாகக் கூப்பிட்டாலும் குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சாக்கடைச் சாவுகளுக்கு 2014-ல் 10 லட்சம் என்றிருந்த நஷ்டஈட்டை 2023-ல் உச்சநீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் நமக்குச் சட்டம் இதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. அதே உபாகமம், 22-ம் அதிகாரம்: புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், யாராவது விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் இருக்கும். விழுகிறவன் சொந்தக்காரனா, கூலிக்காரனா என்று அங்கே பிரித்துச் சொல்லவில்லை.

நாம் பிரிக்கிறோம். பாட்டி வழுக்கி விழாதபடி சொரசொரப்பான தரை போடவும், சுவரில் கைப்பிடி பதிக்கவும் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடியில் குளியலறை வைத்தால் ஈரம் இறங்கித் தேக்கு உத்திரம் உளுத்துப்போகுமே என்று பத்து தடவை கேட்கிறோம். நல்லது, கேட்கத்தான் வேண்டும். உத்திரத்துக்கு இருக்கிற விசாரம் தொட்டியில் இறங்குகிறவனுக்கு இல்லாமற்போனது எப்படி?

பெரிய வியாழக்கிழமை சேசுநாதர் சுவாமி இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் பாதங்களைக் கழுவினார். அது அடிமைகள் செய்கிற வேலை, அதனால்தான் அர்ச். இராயப்பர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார். வருஷந்தோறும் அந்தச் சடங்கைப் பார்த்துக் கண் கலங்குகிறோம். கலங்கின கண்ணோடு வீட்டுக்குப் போய்க் கொல்லைப்புறத்தையும் ஒருமுறை பாருங்கள்.

வேலை தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் அதிலே இணைத்துவிடுங்கள்; தொட்டியே வேண்டாம். இல்லாவிட்டால் தொட்டிக்கு மாடிக்கு மேலே போகிற காற்றுக் குழாய் வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நிரம்பி வழியுமுன்பே, உரிமம் பெற்ற லாரியைக் கூப்பிடுங்கள். அது ஒருவன் கையிலே திணிக்கிற கூலியைவிடக் கொஞ்சம் அதிகந்தான் ஆகும்; கொடுங்கள். மூடியை எங்கே வைக்கலாம் என்று மேஸ்திரி கேட்பார். முற்றத்தில் வைத்தால் குழாய் செலவு மிச்சம் என்றும் சொல்லுவார். தெருப்பக்கம் வையுங்கள், லாரிக் குழாய் எட்டவேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.