கேட்டவருக்கு மட்டுமா பதில்?

ஒரு நிபுணரிடம் வழி கேட்கிறோம். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவர் சொல்லிவிடலாம். ஏன் அழுத்தப் போகிறாய் என்று திருப்பியும் கேட்கலாம். முதலாவது உதவியாகத் தெரியும், இரண்டாவது சில நேரம் திமிராகத் தெரியும். இரண்டில் எது அவருடைய கடமை? ஷா ஆலாமில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலக்ட்ரான் மைக்ரோப்ரோப் மெல்லிய எலக்ட்ரான் கற்றையை மாதிரியின் மேல் ஏறக்குறைய ஒரு மைக்ரான் இடத்தில் பாய்ச்சி, அங்கிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்களை எண்ணுகிறது. ஒவ்வொரு தனிமத்தின் கதிருக்கும் அதற்கே உரிய ஆற்றல் உண்டு. ரேமோன் காஸ்டாங் 1951இல் பாரிஸில் சமர்ப்பித்த முனைவர் ஆய்வேடுதான் இதற்கு அடித்தளம். கலவை தெரிந்த ஒரு பொருளில் வரும் எண்ணிக்கையோடு நம் மாதிரியின் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். ஆனால் அந்த விகிதம் அப்படியே விழுக்காடு ஆகிவிடாது. எத்தனை எலக்ட்ரான் திரும்பிச் சிதறியது, வரும் கதிரை மாதிரியே எவ்வளவு விழுங்கியது, ஒரு தனிமத்தின் கதிர் இன்னொன்றை எவ்வளவு தூண்டியது என்று பல திருத்தங்கள் உண்டு. ஒரு காலத்தில் கையால் போட்ட இந்தக் கணக்கை இன்று மென்பொருள் நொடியில் போட்டுவிடுகிறது. நம் கண்ணில் படுவது கடைசி அட்டவணை மட்டும். சாதாரண எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மாட்டியிருக்கும் இடிஎஸ் கருவிக்கும் இதே கதைதான்.

கதிருக்கும் அட்டவணைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கருவி விற்கும் நிறுவனங்கள் அவர்களை ‘அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று அழைக்கும்.

எங்கள் மாதிரி இடத்துக்கு வரும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் பம்ப் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உடைந்த முகத்தில் கற்றையை வைத்ததும் மென்பொருள் தானாகவே ‘கந்தகம்’ என்று எழுதுகிறது. கந்தகம் என்றால் உள்ளே ஓடிய திரவத்தில் அசுத்தம், ஆகவே தப்பு ஆலைக்காரர் மேல் என்று கதை போய்விடும். ஆனால் 316இல் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருக்கிறது. கந்தகத்தின் முக்கியக் கோடு 2.31 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மாலிப்டினத்தின் கோடு 2.29. இடையில் சுமார் 15 எலக்ட்ரான் வோல்ட்தான். இவ்வளவு நெருக்கமான இரண்டு கோடுகளை இடிஎஸ் தனித்தனிச் சிகரமாகக் காட்டாது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. தானியங்கி அடையாளம் காட்டல் முக்கியத் தனிமங்களையே மாற்றிச் சொல்கிறது என்று அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டேல் நியூபரி 2005இலேயே கட்டுரை எழுதி எச்சரித்தார்.

இந்த வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். ‘சார், இதுல கந்தகமா?’ என்று போன் செய்தால் ஆமாம், இல்லை என்று சொல்லவே மாட்டார். ‘என்ன ஸ்டீல் தம்பி? எத்தனை கிலோவோல்ட்? டோட்டல் எவ்வளவு வந்துச்சு?’ என்பார். பிறகுதான், ‘30க்கு ஏத்திப் பாருங்க. மாலிப்டினம்னா 17.5ல தலை காட்டும். ஆனா அது வந்துட்டா கந்தகம் இல்லைனு எழுதிடாதீங்க. அதுக்கு டபிள்யூடிஎஸ் வேணும்’ என்பார். அவர் டோட்டலைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒழுங்காக அளந்தால் தனிமங்களின் கூட்டுத்தொகை 98.6 என்றோ 101.1 என்றோ வரும். அந்தக் குறைவும் மிகுதியும் ஒரு செய்தி: எதையோ விட்டுவிட்டோம், அல்லது எதையோ இருமுறை எண்ணிவிட்டோம். பல இடிஎஸ் மென்பொருள்கள் எல்லாவற்றையும் 100.00க்கு இழுத்துக் கட்டிவிடும். வாடிக்கையாளருக்கு நூறு பிடிக்கும். ஆனால் எப்போதும் நூறு காட்டும் அட்டவணைக்குத் தன் தப்பைச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

யார் சொன்னாலும் உண்மையை நீயே பார் என்கிற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். நல்ல குறள்தான். ஆனால் பார்க்கும் கண்ணே என்னிடம் இல்லாதபோது என்ன செய்வது? அந்தத் திருத்தக் கணக்குகளை நான் முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தால் ரிப்போர்ட் அடுத்த வருடம்தான் போகும். சைவ சித்தாந்தம் அறிவுக்கு வழியாகக் காண்டல், கருதல், உரை என்று மூன்றைச் சொல்கிறது. நம்பத் தகுந்தவரின் சொல்லும் ஓர் அளவைதான். ஜான் ஹார்ட்விக் என்ற தத்துவப் பேராசிரியரும் 1985இல் கிட்டத்தட்ட இதைத்தான் வாதிட்டார்: சான்றுகளை நானே பார்க்காமல் நிபுணரை நம்புவது அறிவுக்கு எதிரானது இல்லை. ஆகவே நம்புவதில் குற்றமில்லை. எந்த மாதிரிச் சொல்லை நம்புவது என்பதுதான் கேள்வி. தன் எல்லையைச் சேர்த்துச் சொல்லும் சொல்லைத்தான் நான் உரை என்பேன். ‘அதுக்கு டபிள்யூடிஎஸ் வேணும்’ என்றாரே, அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் டிப்ஸ்.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. ஒரு நாளில் பன்னிரண்டு மாதிரி பார்க்க வேண்டிய பையனிடம் போய்ப் பாடம் நடத்தினால் அவனுக்குக் கோபம்தான் வரும். ‘பட்டனைச் சொன்னா போதும் லா’ என்பான். எல்லோரையும் நிபுணர் ஆக்குவது யாராலும் முடியாது. தவிர, திருப்பிக் கேட்பதையே ஒரு வியாபாரம் ஆக்கி, பாதி சொல்லி மீதியை மறைத்து, அவர் இல்லாமல் எதுவும் நகராது என்று ஆக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. மருந்துச் சரக்கின் பெயரைச் சொல்லாமலே செத்துப்போன வைத்தியர்களைப் பற்றி நம் வீடுகளில் கதை இருக்கிறது. மறுபக்கம், நிஸ்ட் வெளியிட்ட டிடிஎஸ்ஏ-2, ஜான் டோனவன் உருவாக்கிய கால்க்ஸாஃப் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கை யாரும் திறந்து பார்க்கலாம் என்று சிலர் விட்டிருக்கிறார்கள்.

என் பதில் இதுதான். இந்த உரையாடலில் இருப்பது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். கேட்கும் பையன், சொல்லும் நிபுணர், பிறகு அந்த எண்ணால் குற்றம் சுமத்தப்படப் போகும் ஆலைக்காரர். மூன்றாவது ஆள் போனில் இல்லை. வேகமான பதில் போனில் இருக்கும் இரண்டு பேரையும் திருப்திப்படுத்திவிடும். அதனால்தான் அதைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. நிபுணர் பாடம் நடத்த வேண்டாம். தன் பதிலைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அது அரை நிமிட வேலை.

கேட்பவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரத்தின் 2017 பதிப்பில் ஒரு குறிப்பு உண்டு: கடையில் கிடைக்கும், பொதுவாகப் பயன்படும் மென்பொருளை, அது எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த எல்லைக்குள் பயன்படுத்தினால், போதுமான அளவு சரிபார்க்கப்பட்டதாகக் கருதலாம். பலர் இதன் கடைசிப் பாதியை மட்டும் வாசித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் பொறுப்பு முழுவதும் ‘அந்த எல்லைக்குள்’ என்ற சொல்லில் இருக்கிறது. எல்லை எது என்று மென்பொருள் சொல்லாது, மனிதர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுச்சு’ என்பது நடந்ததைச் சொல்கிறதே தவிர, ஏன் கையெழுத்துப் போட்டாய் என்பதற்குப் பதில் ஆகாது. ரிப்போர்ட்டின் அடியில் மென்பொருளின் பெயருக்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு இன்னமும் இருக்கிறது.