விலை மிகுந்ததெல்லாம் மேலானதா?

வைத்திய அறிவு வளருந்தோறும் அறத்தைப் பற்றிய கேள்விகளும் உடன் வளர்கின்றன. புற்றுநோய்க்குச் செய்யப்படும் கதிர்ச் சிகிச்சை இதற்கு ஓர் உதாரணமாகும்.

1895இல் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கிரணத்தைக் கண்டறிந்தார். அவ்வினத்தைச் சேர்ந்த ஃபோட்டான் கதிர்களே இன்றும் பெரும்பாலான நோயாளருக்குப் பயன்படுகின்றன. அவை தோலுக்குச் சற்றுக் கீழே மிகுந்த ஆற்றலைக் கொட்டி, பின் சிறுகச் சிறுகக் குறைந்து, உடலின் மறுபுறம் வெளிச்செல்வன. புரோட்டானின் இயல்போ வேறு. வழியில் சிறிதே சிந்தி, தான் நிற்குமிடத்தில் பெரும்பகுதியைக் கொட்டி, அத்துடன் ஓய்ந்துவிடும். இதைச் சிகிச்சைக்குக் கொள்ளலாமென்று அமெரிக்கரான ராபர்ட் வில்சன் 1946இல் எழுதினார். 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளர் இதனைப் பெற்றார். சென்னையில் 2019லும் சிங்கப்பூரில் 2023லும் இதற்கான நிலையங்கள் தோன்றின.

பால்மரம் வெட்டுவோர் பட்டையைச் சீவுவரேயன்றி உள்மரத்தைக் காயப்படுத்தார். கதிர் வைத்தியரின் நோக்கமும் அஃதே. அங்ஙனமாயின், வீட்டை விற்றேனும் தந்தைக்குப் புரோட்டானைத் தேடுவதன்றோ மகன் கடமை? அன்புள்ள நெஞ்சம் இவ்வாறு பதறுவது இயல்பே. ஆனால் அன்பு வேறு; ஆராய்ச்சி வேறு. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுக் கண்ட ஆடவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புரோட்டானும் மற்றதற்கு நவீன ஃபோட்டானும் அளித்த அமெரிக்கப் பரிசோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. ஈராண்டு கழித்துக் குடலின் நலத்தில் இரு பிரிவினருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. நோய் அடங்கியதும் ஏறக்குறைய ஒப்பவே இருந்தது. அத்தகையோர் வீட்டை விற்றுப் பெறுவதென்ன?

குழந்தையின் நிலை வேறு. மூளையிலும் முதுகுத் தண்டிலும் கதிர் பெறவேண்டிய குழந்தைக்கு, ஃபோட்டான் முதுகைக் கடந்து இதயத்தையும் நுரையீரலையும் குடலையும் தொடும். புரோட்டானோ அவற்றைப் பெரிதும் தவிர்க்கும். வளரும் உடலுக்கும், இனி வாழவேண்டிய நெடுங்காலத்துக்கும் இது பெரும் பேறன்றோ?

“என் பணம், என் விருப்பம், இதில் குற்றமென்ன?” என்பார் உளர். இவ்வியந்திரங்கள் மிகச் சிலவே. பயன் பெறாதார் ஒருவர் பிடித்த இடம், பயன் பெறுவார் ஒருவர் இழந்த இடமாகக் கூடும். இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியச் சேவை 2018இல் மான்செஸ்டரிலும் 2021இல் லண்டனிலும் இச்சிகிச்சையைத் தொடங்கிற்று. அச்சேவையில் யாருக்கு அளிப்பதென்பதை நோயின் தன்மை தீர்மானிக்கிறது, பணப்பை அன்று.

ஆகவே அன்பர்களே, நமக்கு இரு கடமைகள் உள. நோய் வந்தவிடத்து, “எது விலை மிகுந்தது?” என்று வினவாது, “இந்நோய்க்கு, இவ்விடத்தில், இதனால் வரும் நன்மை யாது?” என்று வைத்தியரைத் துணிந்து வினவுவோமாக. நன்மை மெய்யாகவே உள்ளவிடத்து, அது தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கும் எட்டவேண்டுமென்று ஒன்றுபட்டுக் கேட்போமாக. முன்னது செய்து பின்னதை மறப்போமாயின், ஏழையை எளிதில் திருப்தியுறப் பழக்கினவர்களே ஆவோம்.