யார் கற்றுக்கொள்வது?

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரையை ஒட்டி மார்த்தாஸ் வினியார்டு என்றொரு தீவு. இன்று பணக்காரர்கள் கோடைக்குப் போய்த் தங்குமிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீனவர்களும் விவசாயிகளும் வாழ்ந்த இடம். அங்கே சில்மார்க் என்ற சிற்றூரில் ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். முதலில் குடியேறிய சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததன் விளைவு. அத்தை மகள், மாமன் மகன் என்று கட்டிவைத்துப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

நமக்குப் புதிதாக இருப்பது வேறு. அந்த ஊரில் அநேகமாக எல்லோருக்குமே சைகைமொழி தெரிந்திருந்தது. காது கேட்கும் மீனவர்கள்கூட, குரல் எட்டாத தூரத்தில் படகுக்குப் படகு கையால் பேசிக்கொண்டார்கள். மானுடவியலாளர் நோரா எல்லன் குரோஸ் தீவின் முதியவர்களிடம் விசாரித்து, இதை 1985இல் நூலாக வெளியிட்டார். பழைய ஆட்கள் இருவரைப் பற்றிக் கேட்டால், நல்ல மீனவர்கள் என்றுதான் பதில் வந்தது. காது கேளாதவர்கள்தானே என்று எடுத்துக்கொடுத்த பிறகே, ஆமாம், அதுவும் உண்டு என்று நினைவு வந்தது.

அதே நூற்றாண்டில், 1880இல், இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு. கூடியவர்களில் அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள். சைகையை விட்டுவிட்டு, உதட்டைப் பார்த்து வாயால் பேசப் பழக்குவதே சிறந்தது என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பின் பல நாடுகளில் வகுப்பறையில் கையை அசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அதே வரிசையில் பின்னர் நடந்த மாநாட்டில் கூடியவர்கள் அந்தத் தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவிக்க 2010 ஆயிற்று.

சைகைமொழியில் பேசுகிறவர்களோடு உட்கார்ந்தால், பார்வையை எடுத்ததும் பேச்சு அறுந்துபோகும். பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவதே மரியாதை என்று வளர்ந்தவன் நான். அவர்களிடம் அது காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். கூப்பிடத் தோளைத் தொடலாம், தரையைத் தட்டலாம், விளக்கை அணைத்துப் போடலாம். இளைத்துவிட்டாய், முடி கொட்டிவிட்டது என்று நேரடியாகச் சொல்லிவிடுவார்கள். (இதில் மட்டும் நம் சொந்தக்காரர்கள் சளைத்தவர்களல்ல.) போனைப் பார்த்துக்கொண்டே, "சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தப் பொய்யை அங்கே சொல்ல வழியே இல்லை.

காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் ஒருவரும் சைகை கற்காவிட்டால், அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும்வரை முழுமையான மொழியில்லாமல் காத்திருக்க நேரலாம். பேச்சுப் பயிற்சிக்கும் கருவிக்கும் அலைகிற குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. கூடவே வீடும் சைகை கற்கட்டும் என்கிறேன். டெல்லியில் உள்ள இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கான அகராதியை வீடியோக்களாக வெளியிட்டிருக்கிறது. யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பெயரை விரலெழுத்தில், அதாவது எழுத்தெழுத்தாக விரலால் காட்டிச் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். உங்களைக் குறிக்கும் தனிச் சைகையான சைகைப் பெயரை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ள முடியாது; பழகிய பிறகு காது கேளாதவர்கள்தான் வைப்பார்கள்.