அழைக்காமல் வரும் கூட்டம்

கனடாவின் வாட்டர்லூவில் எஸ்ரா அவென்யூ ஒரு சின்னத் தெரு. 2019 மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று, அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 33,000 பேர் திரண்டதாகப் போலீஸ் கணக்கு. அழைத்தவர் யாருமில்லை, அனுமதி கேட்டவரும் யாருமில்லை.

நகர மன்றத்தாரே, 'அனுமதி இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடாதீர்கள். மாணவப் பிள்ளைகள் எப்படியும் வருவார்கள். மதியத்துக்குள் தெருவெல்லாம் பாட்டில் சில்லு சிதறிக் கிடக்கும். குடித்த மயக்கத்தில் ஒரு பெண் நடைபாதை ஓரத்தில் தலை தொங்க உட்கார்ந்திருப்பாள். அவளிடம் ஆம்புலன்ஸ் வந்து சேர வழிவிட்டு வைத்தது யார்? ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

தென் கொரியாவின் சியோல் நகரத்து இட்டேவொனில் ஹாலோவீன் கூட்டம் நெரிந்த சந்து நாலு மீட்டர் அகலம்கூட இல்லை. 2022 அக்டோபர் 29 மாலை 6:34-க்கே ஒருவர் போலீஸை அழைத்து, ஆட்கள் நசுங்கிச் சாகப்போகிறார்கள் என்று எச்சரித்தார். நெரிசலுக்கு முன் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. 159 உயிர்கள் போயின, பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். அந்தக் கூட்டம் விழாவே அல்ல என்று பிறகு உள்ளூர் நிர்வாகத் தலைவர் சொன்னார். விழா இல்லையென்றால் பொறுப்பும் இல்லையா? அந்தப் பேச்சை உங்கள் ஊரில் யாரும் பேச விடாதீர்கள்.

அமெரிக்காவின் மேடிசன் நகரம் ஹாலோவீன் இரவுகளில் ஆண்டுக்காண்டு கலவரத்தைப் பார்த்துச் சலித்தது. 2006-ல் ஸ்டேட் தெருவுக்கு வேலி போட்டு, டிக்கெட் வைத்து, மேடை கட்டிப் பாட்டும் வைத்தது. கலவரம் அடங்கியது. குடிக்கு நகரமே கொடி பிடிப்பதா என்று கேட்பவர்களின் கோபமும் நியாயம்தான். அதே மேடிசனில் 2011-ல் மிஃப்லின் தெரு விருந்துக்கு அனுமதி கொடுத்து, நடுத்தெருவிலேயே குடிக்கவும் விட்டார்கள். இருவர் கத்திக்குத்துப்பட்டார்கள். தெருவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதை அனுமதி என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடிப் பாட்டிலைத் தடுங்கள். ஆம்புலன்ஸுக்கு ஒரு வழியைக் கயிறு கட்டிக் காத்து வையுங்கள். எத்தனை பேர் வந்தால் தெருவை அடைப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். மார்ச் 17 எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மாணவர்களையும் வீட்டுக்காரர்களையும் இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள்.

மாணவர்களே, நகர மன்றத்தார் கூப்பிட்டால் போங்கள். அன்றைக்குக் கயிற்றைத் தாண்டி நிற்காதீர்கள். நடைபாதையில் உட்கார்ந்துவிட்ட தோழியைத் தனியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பாட்டுக்குப் போய்விடாதீர்கள்.