அந்திம காலத்துக் கைங்கர்யம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும் விடியற்பொழுதுக்காக, முந்தின இரவே வந்து மார்கழிக் குளிரையும் பொருட்படுத்தாது காத்திருக்கும் அடியார் கூட்டத்தைத் திவ்யதேசங்கள் தோறும் காண்கிறோம். எம்பெருமானுக்குப் பின்னே அவ்வாசலைக் கடக்கையில், சரீரத்தை விட்டுச் செல்லும் நாளிலும் இவ்வாறே அவன் முன்னே செல்ல நாம் பின்னே செல்ல வேண்டும் என்னும் பிரார்த்தனை ஒவ்வோர் உள்ளத்திலும் எழுகின்றது. தம்முடைய முடிவைக் குறித்து ஆண்டுக்கு ஒரு முறையேனும் நினைக்கின்ற நாம், பிறருடைய முடிவின்போது அருகிலிருந்து செய்யத்தக்கது யாது என்று நினைத்ததுண்டா? இக்கேள்வியைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலை நாடுகளில் அண்மைக் காலத்தில் ஒரு தொண்டு வளர்ந்து வருகின்றது. பேறுகாலத்தில் தாயின் அருகே இருந்து தேற்றித் துணை நிற்பவரை அங்கே 'டூலா' என்பர். அப்பெயரையே இப்பொழுது, இறக்கும் தறுவாயில் உள்ளவர் அருகே இருந்து அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் துணை நிற்பவருக்கும் வழங்குகின்றனர். நியூயார்க் நகரில் 2003-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. பின்னர்ப் பல இடங்களிலும் பரவியது. இவர்கள் வைத்தியர் அல்லர். மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் இவர்கள் பணியன்று. உடனிருத்தல், செவிசாய்த்தல், நோயாளியின் விருப்பத்தை அறிந்து நிறைவேற்றுதல், அஞ்சி நிற்கும் உறவினருக்கு நடப்பதை எடுத்துச் சொல்லுதல் ஆகியவையே இவர்கள் பணி.

கிரேக்க மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு மூலப்பொருள் அடிமைப்பெண் என்பதாகும். 'அடியேன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்வதையே பெருமையாகக் கொண்ட ஸ்ரீவைஷ்ணவனுக்கு இத்தொண்டின் பெயரே அந்நியமாகத் தோன்றாது. ஆயினும், இதில் நமக்குச் சில ஐயங்கள் எழுதல் இயல்பு. இறுதி நேரத்தில் ஜீவனைக் காப்பவன் எம்பெருமானாக இருக்க, மனிதர் துணை எதற்கு? அன்பு இருந்தால் போதாதா, பயிற்சி எதற்கு? முடிவு நெருங்கியதை நோயாளியிடம் சொல்வது தருமமா, மறைப்பது தருமமா?

நினைப்பவன் யார்?

அந்திம காலத்தில் ஒருவன் எதை நினைத்துச் சரீரத்தை விடுகின்றானோ அதையே அடைகின்றான் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் காட்டும் கருத்து. இதைக் கேட்ட அளவில் நம்மவர் பலருக்கு ஓர் அச்சம் பற்றிக்கொள்கின்றது. அதனால் நம் இல்லங்களில் நடப்பதென்ன? மூச்சுத் திணறிக் கிடப்பவரைச் சூழ்ந்துகொண்டு, "நாராயணா என்று சொல், சொல்" என்று உரத்த குரலில் வற்புறுத்துகின்றோம். விழுங்க இயலாதவர் வாயில் பாலையும் தீர்த்தத்தையும் கரண்டி கரண்டியாக ஊற்றுகின்றோம். அது மூச்சுக்குழலில் சென்று அடைத்து அவரைத் தவிக்கச் செய்யக்கூடும் என்பதை எண்ணுவதில்லை. அவர் திருநாமம் சொல்லாமலே போய்விட்டால், "என்ன கதி ஆனாரோ" என்று ஆண்டுக்கணக்கில் மனம் வெதும்புகின்றோம்.

இவ்வச்சத்தைப் போக்குவதற்காகவே வராக சரம சுலோகம் அவதரித்தது எனலாம். உடலும் மனமும் நன்னிலையில் இருக்கும்போது ஒருவன் தன்னை நினைத்தால், பின்னர் அவன் கட்டை போலவும் கல் போலவும் கிடக்கும் வேளையில் தானே அவனை நினைத்துப் பரமகதிக்கு அழைத்துச் செல்வதாகப் பூமிப்பிராட்டிக்கு வராகப் பெருமான் அளித்த வாக்குறுதி அது. நினைக்க வேண்டிய பொறுப்பை அவன் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். பெரியாழ்வாரும் தம் திருமொழியின் நாலாம் பத்து பத்தாம் திருமொழியில், தளர்ந்த காலத்தில் நினைக்க இயலாது போமாகையால் முன்கூட்டியே அரங்கனிடம் விண்ணப்பித்து வைத்தார். ஸ்வாமி வேதாந்த தேசிகனும் ரஹஸ்யத்ரயஸாரத்தில் நிர்யாணாதிகாரம் என ஓர் அதிகாரமே வகுத்து, சரணாகதனுக்கு இறுதி நினைவை அளிப்பதும் எம்பெருமானே என்று காட்டியருளினார்.

அங்ஙனமாயின் அருகே இருப்பவர் வெறுமனே இருக்கலாமே என்னும் கேள்வி பிறக்கும். உபாயம் என்றும் கைங்கர்யம் என்றும் நம் பெரியோர் பிரித்துக் காட்டிய பாகுபாட்டை இங்கே நினைவு கூர்தல் வேண்டும். இராமபிரானுக்குப் பர்ணசாலை அமைக்கத் தெரியாது என்றா இளையபெருமாள் காட்டில் அதைக் கட்டினார்? தன் இயல்புக்குத் தக்கது அதுவே என்று செய்தார். அதுபோல, இறப்பவருக்கு நாம் செய்யும் தொண்டு அவருக்கு மோக்ஷத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும் சாதனம் அன்று. மோக்ஷம் அளிப்பது அவன் பொறுப்பு. உலர்ந்த உதட்டை நனைப்பது நம் பொறுப்பு. முதலாவது நம் தலையில் இல்லை என்று தெளிந்த பிறகே இரண்டாவதைப் பதற்றமின்றிச் செய்ய முடிகின்றது.

பூர்வர்கள் காட்டிய நெறி

இத்தொண்டுக்கு முதல் ஆசிரியன் சக்ரவர்த்தித் திருமகனே ஆவான். சீதையைத் தேடி விரைந்துகொண்டிருந்த அவன், சிறகு அறுந்து குற்றுயிராய்க் கிடந்த ஜடாயுவைக் கண்டதும் தன் தேடலை நிறுத்தினான், அருகிருந்தான், அப்பறவை சொல்ல விரும்பியதைக் கேட்டான், உயிர் பிரிந்தபின் தந்தைக்குச் செய்வது போலக் கிரியைகளும் செய்தான். காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள், மடியில் ஜடாயுவைத் தாங்கிய திருக்கோலத்தில் இன்றும் எழுந்தருளியிருப்பதை யாத்திரிகர் பலர் சேவித்திருப்பர். உடனிருத்தலுக்கு அதனினும் சிறந்த விளக்கம் வேறில்லை.

குருபரம்பரை கூறும் மாறனேர் நம்பியின் சரிதமும் இத்தகையதே. தம் ஆசார்யரான ஆளவந்தாரின் நோயைப் பிரசாதமாகக் கேட்டுப் பெற்று அனுபவித்த அம்மகானைப் பெரிய நம்பி பேணி வந்தார். தாழ்ந்ததென்று உலகம் சொன்ன குலத்தில் பிறந்த அவருக்குப் பிரம்மமேத ஸம்ஸ்காரமும் தம் கையாலேயே செய்தார். ஊர் எதிர்த்தது. எம்பெருமானார் வினவியபோது, தாம் இராமபிரானைவிட உயர்ந்தவரோ, மாறனேர் நம்பி ஜடாயுவைவிடத் தாழ்ந்தவரோ என்னும் கருத்தில் பெரிய நம்பி விடையளித்தாராம். இறப்பவர் அருகே செல்வதற்குக் குலம் பார்க்கும் நெஞ்சுக்கு இதனினும் கூர்மையான மறுமொழி இல்லை.

கூரத்தாழ்வான் பரமபதிக்கும் காலத்தில் எம்பெருமானார் அவர் திருச்செவியில் த்வயத்தை அருளிச்செய்தார். ஆழ்வானுக்கும் இது நினைவூட்ட வேண்டுமோ என்று அருகிலிருந்தோர் ஐயுற, அரசகுமாரனின் நா உலரும்போது அவனுக்கு உகந்ததை வாயில் இடுவது போன்றது இது என்ற பொருளில் உடையவர் கூறியதாகப் பெரியோர் சொல்வர். வற்புறுத்தலுக்கும் உபசாரத்துக்கும் உள்ள வேற்றுமை இதில் விளங்குகின்றது. ஒருவர் வாழ்நாளெல்லாம் எதனால் இனிமை பெற்றாரோ அதை அவர் செவிக்கு மெல்ல அளிப்பதே உபசாரம். 1137-ஆம் ஆண்டில் உடையவர் தாமும் எம்பார் மடியில் திருமுடியும் வடுகநம்பி மடியில் திருவடியும் வைத்துச் சயனித்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்பது ஐதிஹ்யம். ஜகதாசார்யரும் இரண்டு மடிகளை ஏற்றுக்கொண்டார் எனில், யாருக்குத்தான் துணை வேண்டா?

அன்பு போதாதா?

பெருமாளிடம் பக்தி மிக்கவன் என்பதாலேயே ஒருவனை நேரே திருமஞ்சனம் செய்ய அனுமதிப்பதில்லை. ஆகமம் பயில வேண்டும். தளிகை செய்பவரும் மடைப்பள்ளியில் பல நாள் பழகவேண்டும். பக்தி உள்ளவனுக்கே பயிற்சி பயன்படும். பயிற்சி இல்லாத பக்தி சில வேளை அபசாரமாகவும் முடியும். இறப்பவர்பால் செய்யும் தொண்டும் அங்ஙனமே.

பயில்வது யாதெனில், முதலில் உடல் காட்டும் குறிகளை அறிதல். முடிவு நெருங்குகையில் பசி குன்றும், உறக்கம் மிகும், கைகால்கள் குளிரும், மூச்சு சிறிது நின்று மீண்டும் தொடரும், தொண்டையில் கரகரப்பு எழும். இவை இயற்கையின் போக்கு என்று அறியாத குடும்பத்தார், "பட்டினி போட்டுக் கொல்கிறோமே" என்று தவிப்பர். அறிந்தவர் ஒருவர் அருகிலிருந்து சொன்னால் அத்தவிப்பு அடங்கும். விழுங்க முடியாதவருக்கு ஈரத்துணியால் உதட்டையும் நாவையும் நனைத்தல், படுக்கைப்புண் வாராமல் இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல், அறையில் கூச்சலையும் கூட்டத்தையும் குறைத்தல் ஆகியவை எளியவை; ஆயினும் கற்றுத்தான் வரவேண்டும்.

செவியைப் பற்றி ஒரு செய்தி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், இறுதிக் கட்டத்தில் நினைவிழந்து கிடந்த நோயாளிகள் சிலருடைய மூளை ஓசைகளுக்கு மறுவினை காட்டியமை பதிவாயிற்று. அவர்கள் பொருளை உணர்ந்தனர் என்று அதனால் நிறுவப்பட்டதாகாது. எனினும், செவி திறந்திருக்கக்கூடும் என்பதால், படுக்கையின் அருகே சொத்துப் பேச்சும் பூசலும் தவிர்த்து, அவருக்குப் பிரியமான பாசுரத்தை மெல்லச் சேவிப்பதே தக்கதென்று கொள்ளலாம்.

இப்பயிற்சிக்குக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. 1967-ஆம் ஆண்டில் லண்டனில் ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் நிறுவிய ஸெயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் உலகுக்கு வழிகாட்டிற்று. நம் அண்டை நாடான கேரளத்திலோ 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்துக்கும் ஆதரவுச் சிகிச்சைக்குமாக ஒரு சங்கம் தோன்றியது. அதினின்றும் ஊர்தோறும் தொண்டர் குழுக்கள் வளர்ந்தன. வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கக் கூடியவர் எவராயினும் சேரலாம் என்றும், 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேர்முகப் பயிற்சியும் பெற வேண்டும் என்றும் முறை வகுத்தனர். ஆசிரியர், கடைக்காரர், குடும்பப் பெண்கள் எனப் பலதிறத்தாரும் இதில் ஈடுபட்டனர். 2008-ஆம் ஆண்டில் அம்மாநில அரசே இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது.

வலி என்பது வினைப்பயன்; அதை அனுபவித்தே தீர்க்க வேண்டும் என்று சிலர் சொல்வர். தன் வலியைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ளும் உரிமை ஒருவனுக்கு உண்டு. பிறர் வலியைப் பற்றிச் சொல்லும் உரிமை இல்லை. பிறர் துன்பம் கண்டு 'ஐயோ' என்று இரங்கும் நெஞ்சையே வைஷ்ணவத்துக்கு அடையாளமாக நஞ்சீயர் காட்டியருளினார். வலி நீக்கும் மார்பின் மருந்து நோயாளிகளுக்குக் கிடைப்பதை எளிதாக்கும் பொருட்டு 2014-ஆம் ஆண்டில் இந்திய அரசு போதைப்பொருள் சட்டத்தையே திருத்தியது. வைத்தியர் ஆணைப்படி வலியைத் தணிப்பதும் அந்த இரக்கத்தின் ஒரு வடிவமே.

உண்மையை மறைத்தல் தகுமா?

நம் இல்லங்களில் நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பது வழக்கமாகிவிட்டது. "சொன்னால் தாங்கமாட்டார்" என்பர். அவரோ எல்லாம் அறிந்து, பிள்ளைகள் தாங்கமாட்டார்களே என்று தாமும் அறியாதவர் போல் இருப்பார். ஒருவரை ஒருவர் காப்பதாக எண்ணி, இரு சாராரும் தனித்தனியே அழுகின்றனர். சொல்ல வேண்டிய சொல்லும், கேட்க வேண்டிய மன்னிப்பும், ஒப்படைக்க வேண்டிய கடமையும் சொல்லப்படாமலே போகின்றன.

பாகவதம் வேறு வழி காட்டுகின்றது. தன் மகன் இட்ட சாபத்தைக் கேட்டு வருந்திய சமீக முனிவர், அதைப் பரீக்ஷித்துக்கு மறைக்கவில்லை. சீடனை அனுப்பித் தெரிவித்தார். ஏழு நாள் மட்டுமே உண்டு என்று அறிந்தமையால் அன்றோ அவ்வரசன் கங்கைக்கரையில் அமர்ந்து சுகரிடம் பாகவதம் கேட்டான்? செய்தி வாராதிருந்தால், நமக்கும் அந்த ஏழு நாளின் செல்வம் கிட்டியிராது. ஆயினும் சமீகர் செய்தியை அனுப்பியதோடு, சுகரைப் போன்ற ஒரு துணையும் அரசனுக்கு வாய்த்தது என்பதை மறத்தலாகாது. துணையில்லாத உண்மை கொடுமை. உண்மையில்லாத துணை நாடகம். கேட்கும் அளவுக்குச் சொல்லி, சொன்னபின் எழுந்து போகாமல் இருப்பதே முறை.

எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதைத் தெளிந்த அறிவோடு இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. 2023-இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. உடல் நன்றாயிருக்கும்போதே அரங்கனிடம் விண்ணப்பித்த பெரியாழ்வாரின் வழி வந்தோர், மக்களிடமும் அவ்வாறே சொல்லி வைப்பதில் அமங்கலம் ஏதும் இல்லை.

திருவிழா கற்பிக்கும் பாடம்

திருவரங்கத்து அத்யயன உற்சவத்தின் இராப்பத்து நிறைவில் நம்மாழ்வார் மோக்ஷம் நடைபெறுகின்றது. ஆழ்வாரை அர்ச்சகர்கள் கைத்தலத்தில் ஏந்திச் சென்று பெருமாள் திருவடியில் சேர்த்துத் திருத்துழாயால் மூடுகின்றனர். பின்னர், உலகம் உய்ய ஆழ்வாரைத் திரும்பத் தரவேண்டும் என்று விண்ணப்பம் செய்யப்பட, பெருமாளும் இசைந்து தருகின்றார். ஆழ்வார் தனியே நடந்து போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏந்திச் செல்லும் கைகள் வேண்டியிருக்கின்றன. பிரிவைத் தாங்காத கூட்டத்தின் விண்ணப்பத்துக்கும் அங்கே இடமுண்டு. நம் இல்லத்துப் பெரியவர்கள் திருநாடு சென்றால் அங்ஙனம் திரும்பித் தரப்படுவதில்லை. ஆகையால் எஞ்சியிருப்போரின் அருகேயும் சில காலம் இருந்து, அவர்கள் சொல்லும் ஒரே கதையை மீண்டும் மீண்டும் கேட்பதும் இக்கைங்கர்யத்தின் பகுதியே ஆகும்.

விழாவுக்கு வந்திருக்கும் அன்பர்கள் பிரசாதத்தோடு ஊர் திரும்புவர். தம் தெருவிலோ உறவிலோ எழுந்து நடமாட இயலாமல், கோயிலுக்கு வர முடியவில்லையே என்று ஏங்கிக் கிடப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் சென்று, திருத்துழாயை அவர் கையில் வைத்து, கண்ட சேவையைச் சொல்லி, அரைமணி நேரம் அவசரமின்றி அமர்ந்திருப்பார்களாயின் இத்தொண்டின் முதற்பாடம் பயின்றவர் ஆவர். மற்றவற்றை எம்பெருமான் பார்த்துக்கொள்வான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.