ஆணையும் அறமும்

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை படையில் சேர விழைந்தால், 'ஏவியதைச் செய்பவனுக்கு அறம் ஏது?' என்னும் ஐயம் எழுவது இயல்பே. தற்காப்பில் நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் தனியே வைத்தெண்ணினர். எனினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை சேரும் என்பதே நம் கொள்கை.

படைச் சட்டம் இதற்கு மாறானதன்று. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டம், மேலதிகாரியின் 'சட்டப்படியான' ஆணையை மீறுவதையே குற்றமென்கிறது. ஏவியவர் பெரியவர் என்பதனால் தீச்செயல் நற்செயலாகிவிடாது.

பொது இராணுவ நீதிமன்றத்தில் ஐந்து அதிகாரிகளேனும் அமர்வர். அவருள் எவரையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆட்சேபிக்கலாம். மரண தண்டனைக்கு மூன்றில் இரு பங்கினராவது இசைதல் வேண்டும். கருத்துரைக்கையில் பதவியில் இளையவரே முதலில் உரைப்பார். மூத்தவர் முந்தினால் இளையவர் அஞ்சி உடன்படக்கூடும் அன்றோ?

ஆயினும் விசாரிப்போரும், தீர்ப்பை உறுதி செய்வோரும் படையினரே. மேல்முறையீடு இல்லாத குறையை 1982இல் உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அக்குறையைப் பெரிதும் தீர்த்தது.

இத்தனை காவலிருந்தும், ஆணை பிறக்கும் நொடியில் வீரனுக்குத் துணை அவன் நெஞ்சமே. தண்டனைக்கு அஞ்சி அடங்குவது ஒழுங்கு. தன்னைத்தானே அடக்குவது ஒழுக்கம். ஒழுங்கைப் படை கற்பிக்கும். ஒழுக்கத்தை, பிள்ளை வீட்டைவிட்டுப் புறப்படுமுன் நாமே கற்பித்தல் வேண்டும்.

அறம் வளர்க!